காஸ் அடுப்பும் கைகழுவப்பட்ட பொறுப்பும்

2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் காஸ் அடுப்பு வெடித்த செய்தி இல்லாமல் விடிந்த நாட்கள் குறைவு. கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டடத்தில் நிகழ்ந்த வெடிப்பு தலைப்புச் செய்தியானது. அதன் பின்னர் கிராமத்து வீடுகள், தேநீர்க் கடைகள், கண்ணாடி மேற்தட்டு சிதறிய அடுப்புகள் என்று ஒவ்வொரு நாளும் புதிய படங்கள் வந்தன. வெடிச் சத்தத்தோடு வாழ்ந்து, அதிலிருந்து தப்பி வந்தவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருடங்களின் பின்னர் அந்தச் சத்தம் குசினிக்குள் இருந்து வரும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சிலிண்டரைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு மீண்டும் விறகு மூட்டிய வீடுகளை அந்த வாரங்களில் நான் வன்னியில் பார்த்தேன்.

அன்று மக்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். குழாயைச் சோதியுங்கள், ரெகுலேட்டரை மாற்றுங்கள், சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். அந்த அறிவுரையில் பிழையில்லை. ஆனால், அது பாதி உண்மை மட்டுமே. மற்றப் பாதி சிலிண்டருக்குள் இருந்தது. அதைச் சோதிக்க எந்த வீட்டிலும் கருவி இல்லை. அந்தப் பாதிக்குப் பொறுப்பானவர்கள் முதல் பாதியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காஸ் அடுப்பின் பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்தே எழுத வேண்டும். பராமரிப்பை மட்டும் எழுதினால் பழி குசினியில் நிற்கும் பெண்ணின் தலையில் விழுகிறது. அரசியலை மட்டும் எழுதினால் நாளைக்கு அடுப்பு மூட்டப்போகும் அதே பெண்ணுக்கு எந்தப் பயனும் இல்லை.

சிலிண்டருக்குள் மாறியது என்ன?

எல்.பி. காஸ் என்பது ஒரே வாயு அல்ல. புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டும் பிரதானமாகக் கலந்தது. அழுத்தத்தில் இரண்டும் திரவமாகச் சிலிண்டருக்குள் இருக்கும். வெளியே வரும்போது வாயுவாக மாறி ஏறக்குறைய 250 மடங்குக்கு மேல் விரியும். இரண்டின் குணமும் வேறு. புரொப்பேன் மறை 42 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான் கொதிக்கும். எங்களுடைய பகல் வெப்பமான 30 பாகையில் தூய புரொப்பேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் 10 மடங்குக்குச் சற்று அதிகம். அதே வெப்பத்தில் பியூட்டேனின் அழுத்தம் 3 மடங்குக்கும் குறைவு. ஆகவே கலவையில் புரொப்பேன் கூடக் கூட சிலிண்டரின் உள் அழுத்தமும் கூடும்.

இலங்கை போன்ற வெப்ப நாட்டில் பியூட்டேன் அதிகமாக உள்ள கலவையே நீண்ட காலம் பாவனையில் இருந்தது. எங்கள் வீடுகளில் இருந்த ரெகுலேட்டர்களும் வால்வுகளும் ரப்பர் வாஷர்களும் அந்தக் கலவையோடு பழகித் தேய்ந்தவை. 2021இல் புரொப்பேனின் பங்கு பாதியளவுக்கு உயர்த்தப்பட்டது என்பதே அன்றைய சர்ச்சையின் மையம். முன்பு தாங்கிக்கொண்டிருந்த தேய்ந்த வாஷர் புதிய அழுத்தத்தில் கசியத் தொடங்கும் என்பதை விளங்கிக்கொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் அன்றைய ஜனாதிபதி நியமித்த குழு டிசெம்பரில் அறிக்கை கொடுத்தது. 2015 முதல் 2021 ஒக்டோபர் வரையான ஏறக்குறைய ஏழு வருடங்களில் பதிவான காஸ் விபத்துகள் ஒரு டசின் அளவில்தான் இருந்தன. நவம்பர் தொடக்கம் டிசெம்பர் நடுப்பகுதி வரையான ஆறு, ஏழு வாரங்களில் மட்டும் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 800 ஆனது. பலர் உயிரிழந்தார்கள். கலவை மாற்றமே இதற்குப் பிரதான காரணம் என்பது குழுவின் முடிவு. நாட்டில் உள்ள குழாய்களும் வாஷர்களும் எல்லாம் ஒரே மாதத்தில் பழுதாகியிருக்க முடியாது என்பதை அந்த எண்களே சொல்கின்றன.

சந்தையின் பெரும்பங்கு லிற்றோ நிறுவனத்திடம் இருக்கிறது. ஷெல் நிறுவனத்திடம் இருந்த அந்த வியாபாரத்தை 2010இல் அரசு வாங்கியபோது பிறந்த பெயர் அது. அதாவது, காஸை விற்பது அரசின் பிடியில் உள்ள நிறுவனம். விலையையும் தரத்தையும் கண்காணிக்க வேண்டிய பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அரசினுடையது. விசாரணைக் குழுவை நியமித்ததும் அரசின் தலைவர். விற்பவரும் காவலரும் விசாரிப்பவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கும்போது, குற்றம் வாங்கியவரின் குழாயில் தேடப்படுவதில் ஆச்சரியம் இல்லை. சிலிண்டரில் கலவையின் விகிதத்தை மக்கள் பார்க்கும்படி குறிக்க வேண்டும் என்ற உத்தரவுகூட மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பிறகுதான் வந்தது.

ரொறன்ரோவில் வெடிக்காதது இங்கே ஏன் வெடித்தது?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். எங்களுடைய உறவினர்கள் கனடாவில் கோடை காலத்தில் வீட்டுப் பின்வளவில் காஸ் பாபிகியூ போடுகிறார்கள். அந்தச் சிலிண்டரில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் புரொப்பேன். குளிரில் பியூட்டேன் ஆவியாகாது என்பதால் அங்கே புரொப்பேன்தான் பாவனை. அப்படியானால் பாதிக்குப் பாதி கலந்த காஸ் இங்கே ஏன் ஆபத்தாகியது?

காரணம் புரொப்பேன் அல்ல, பொருத்தமின்மை. அங்கே சிலிண்டர், வால்வு, ரெகுலேட்டர், அடுப்பின் துளை எல்லாம் புரொப்பேனுக்கென்றே செய்யப்பட்டவை. கனடாவில் பாபிகியூ சிலிண்டரில் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். பத்து வருடங்களுக்கு ஒருமுறை அது மறுபடி பரிசோதிக்கப்படாவிட்டால் நிரப்பும் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். அளவுக்கு மேல் நிரம்புவதைத் தடுக்கும் அமைப்பு வால்வுக்குள்ளேயே இருக்கிறது. அடுப்போடு வரும் கையேடு அந்த நாட்டு மக்களின் மொழியில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம், இனி உங்கள் பங்கைச் செய்யுங்கள் என்று சொல்கிறார்கள். இங்கே முதற்பங்கு செய்யப்படாமலே இரண்டாம் பங்கு எங்களிடம் கேட்கப்பட்டது.

எங்கள் குசினிகளின் நிலை

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகிலேயே சமைத்தன. வன்னியில் காஸ் அடுப்பு பரவலானது யுத்தத்துக்குப் பின்னர்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணிப் பாவித்து, ஜாம் போத்தலில் விளக்குச் செய்து வாழ்ந்த தலைமுறைக்கு நெருப்பைக் கையாளத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், மண்ணெண்ணெய் கண்ணுக்குத் தெரியும், கையில் ஒட்டும். காஸ் தெரியாது. அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு இதில் இல்லை. கடைக்காரர் பொருத்திக் காட்டியதுதான் பாடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்களுடைய வீடுகளில் பெரும்பாலும் விறகடுப்பும் காஸ் அடுப்பும் ஒரே குசினிக்குள் இருக்கின்றன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் கட்டிய வீடுகளின் குசினி சிறியது. காலையில் தேநீருக்குக் காஸ், மத்தியானச் சோற்றுக்கு விறகு. காஸ் கசிந்தால் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். எங்கள் குசினியில் அந்தப் பொறி எப்போதும் தணலாகப் பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்பு வீடுகளுக்காக எழுதப்பட்ட அறிவுறுத்தல்களில் இந்தக் குசினியை நான் கண்டதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் நிலையும் அப்படித்தான். செவிப்பறை பாதிக்கப்பட்டவருக்குக் கசியும் சத்தம் கேட்காது. தலையில் காயப்பட்டவர்களில் சிலருக்கும், கொரோனாவின் பின்னர் பலருக்கும் மணம் தெரியாது. காலை இழந்தவரால் குனிந்து, அடுப்புக்குப் பின்னால் கைவிட்டு ரெகுலேட்டரை உடனே பூட்ட முடியாது. யுத்தத்தின் வடுக்கள் உள்ள ஒரு சமூகத்தில் பாதுகாப்பு அறிவுறுத்தல் என்பது இவர்களையும் எண்ணி எழுதப்பட வேண்டும்.

பிறகு விலை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது. அந்த விலையில் வாங்கியவர் கடைசித் துளியையும் எடுக்கப் பார்ப்பார். சிலிண்டரைச் சரித்து வைப்பதும், சுடுதண்ணீருக்குள் இறக்குவதும் அப்படி வந்த பழக்கங்கள். சரித்தால் திரவக் காஸ் நேராக ரெகுலேட்டருக்குள் போகும். வாயுவைக் கட்டுப்படுத்தச் செய்யப்பட்ட கருவியால் திரவத்தைக் கட்டுப்படுத்த முடியாது. வறுமை ஏற்படுத்தும் இந்த ஆபத்தை அறியாமை என்று எழுதிவிடுவது எங்களைப் போன்ற ஊடகக்காரர்களுக்கு இலகுவாக இருக்கிறது.

எங்கள் கையில் உள்ள பாதி

முதலில் சிலிண்டர் இருக்கும் இடம். எல்.பி. காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தில் படிந்து பள்ளத்தை நோக்கி ஓடும். ஆகவே மேல் யன்னல் மட்டும் போதாது. நிலமட்டத்தில் காற்று வெளியேற வழி வேண்டும். முடிந்தால் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, வெயில் படாத நிழலில், நிமிர்த்தி வைத்துக் குழாயை உள்ளே எடுங்கள். முடியாவிட்டால் விறகடுப்புக்கு எதிர்ப் பக்கத்தில், கதவோரமாக வையுங்கள். தணல் இருக்கும் நேரத்தில் சிலிண்டர் மாற்றாதீர்கள். அடுப்புக்குப் பின்னால் வைக்க வேண்டாம். நெருப்புக்கு மேலாகக் கை நீட்டாமல், சக்கர நாற்காலியில் இருப்பவரும் எட்டிப் பூட்டக்கூடிய இடமே சரியான இடம்.

இரண்டாவது குழாயும் ரெகுலேட்டரும். தரச் சின்னம் உள்ளதையே வாங்குங்கள். குழாயில் திகதி அச்சிடப்பட்டிருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்பு, இறுக்கம், எலி கடித்த தடம் எது இருந்தாலும் அன்றே மாற்ற வேண்டும். இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். கம்பியால் சுற்றிக் கட்டுவது கிளிப் ஆகாது. புதிய சிலிண்டர் வந்ததும் முத்திரையைப் பாருங்கள். வாயில் உள்ள ரப்பர் வாஷர் இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியில்லை என்றால் கொண்டுவந்தவரிடம் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது சவர்க்கார நுரைச் சோதனை. அடுப்பின் திருகிகள் மூடியபடி இருக்க, ரெகுலேட்டரைத் திறந்து, வாயிலும் குழாயின் இரு முனையிலும் குழாய் நெடுகவும் நுரையைப் பூசுங்கள். குமிழி பொங்கினால் கசிவு. நெருப்புக்குச்சியால் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது சோதனை அல்ல, விபத்து. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த நுரைச் சோதனை ஒரு நிமிட வேலைதான்.

நான்காவது சுத்தம். சுவாலை நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால், காற்றும் காஸும் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். அப்படி எரியும் அடுப்பு காஸை வீணாக்குவதோடு காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவையும் வெளிவிடும். கஞ்சி பொங்கி வழிந்து பேணரின் துளைகள் அடைபடுவதே வழமையான காரணம். ரெகுலேட்டரைப் பூட்டி, அடுப்பு ஆறிய பின் பேணரைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்தி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பொருத்துங்கள். பேணருக்கு முன்னால் உள்ள கலப்புக் குழாயையும் பாருங்கள். 2022இல் காஸ் கிடைக்காமல் மாதக் கணக்கில் சும்மா கிடந்த அடுப்புகளை மீண்டும் பாவித்தபோது பலர் கவனிக்காத இடம் இது. சிலந்தி வலையும் குளவிக் கூடும் அந்தக் குழாயை அடைத்தால், காஸ் முன்னுக்குப் போகாமல் பின்னுக்கு வந்து திருகிக்கு அருகே எரியும்.

கண்ணாடி மேற்தட்டு உள்ள அடுப்பு என்றால் மேலும் கவனம் வேண்டும். சூட்டோடு ஈரத் துணியால் துடைக்காதீர்கள். தட்டை மூடும் அளவுக்குப் பெரிய சட்டியையும் தாச்சியையும் வைத்து நீண்ட நேரம் சமைக்காதீர்கள். சூடு கண்ணாடிக்குத் திரும்பி அடிக்கும். கீறலோ, ஓரத்தில் உடைவோ இருந்தால் அந்தக் கண்ணாடி ஒருநாள் திடீரென்று சிதறும்.

ஐந்தாவது, மணம் வந்தால் செய்ய வேண்டியது. காஸுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எதில் மெர்க்கப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அழுகிய கோவா போன்ற அந்த மணம் வந்தால் எந்த மின் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். தொலைபேசியை வெளியே போய் எடுங்கள். தணல் இருந்தால், கசிவு அதை எட்டியிருக்கக்கூடும் என்று நினைத்து முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். தணல் இல்லை, எட்டக்கூடியதாக இருக்கிறது என்றால் ரெகுலேட்டரைப் பூட்டி, கதவு யன்னல்களைத் திறந்து, வெளியே வாருங்கள். மணம் தெரியாதவர்கள் உள்ள வீட்டில் ஒவ்வொரு இரவும் ரெகுலேட்டரைப் பூட்டுவது கட்டாயப் பழக்கமாக வேண்டும்.

எரிகாயம் பட்டால் ஓடும் தண்ணீரின் கீழ் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம்.

முற்றத்தில் பாபிகியூ

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டு உறவுகள் வரும்போது பாபிகியூவும் வருகிறது. விருந்தினர் விடுதிகளிலும் இப்போது அது வழமை. இதில் மூன்று விடயங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

கனடாவிலிருந்து கொண்டுவந்த பாபிகியூ அடுப்பின் ரெகுலேட்டர் அங்குள்ள புரொப்பேன் சிலிண்டரில் திருகிப் பூட்டும் வகை. அதை இங்குள்ள சிலிண்டருக்குக் கடையில் இணைப்புச் செய்து பொருத்துவது ஆபத்து. 2021இல் அரசாங்கம் செய்ய விட்ட பொருத்தமின்மையை நாங்களே வீட்டில் செய்வதுபோல அது. இங்குள்ள சிலிண்டருக்கென்று செய்த அடுப்பைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் கரி போதும்.

பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும். மூடியபடி காஸைத் திறந்தால் உள்ளே காஸ் நிரம்பி, பொறி பட்டதும் முகத்தில் அடிக்கும். சில விநாடிகளில் பற்றாவிட்டால் எல்லாவற்றையும் பூட்டி, ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு முயலுங்கள். மழை வந்தது என்று விறாந்தைக்கோ கார் கொட்டிலுக்கோ இழுத்துவர வேண்டாம். கிடுகு வேலிக்கும் ஓலைக் கொட்டிலுக்கும் குறைந்தது பத்து அடி தூரம் வேண்டும். முடிந்ததும் முதலில் சிலிண்டரைப் பூட்டுங்கள். குழாயில் உள்ள காஸ் எரிந்து முடிந்ததும் திருகியைப் பூட்டுங்கள்.

இறைச்சிக் கொழுப்பு வடியும் தட்டைப் பாவிக்கும் ஒவ்வொரு முறையும் வழித்துக் கழுவ வேண்டும். அந்தக் கொழுப்பு பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் நெருப்பில் தண்ணீர் பட்டால் சுவாலை பொங்கிப் பரவும். காஸைப் பூட்டி, மூடியை மூடுங்கள். கம்பித் தட்டைச் சுத்தம் செய்ய உலோக முள் தூரிகை வேண்டாம். அதன் முள் கழன்று இறைச்சியில் ஒட்டி வயிற்றுக்குள் போன சம்பவங்கள் கனடாவிலேயே உண்டு. இளஞ்சூட்டோடு தேங்காய்ப் பொச்சால் தேய்த்தால் போதும். எங்களிடம் அதற்குப் பஞ்சமில்லை.

மற்றப் பாதியைக் கேட்டு வாங்க வேண்டும்

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்துக்கென்று ஒரு தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. கடைகள் சாம்பலான பிறகுதான் கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் அது வந்தது. எரிந்த பிறகு வருவதுதான் எங்களுக்கான பாதுகாப்பு என்ற இந்த வரிசை காஸிலும் மாறவில்லை. முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றில் குசினி பற்றினால், தீயணைப்பு வண்டி வரும்வரை அந்த வீடு காத்திருக்காது. ஆகவே விபத்து நடக்காமல் தடுப்பதே எங்களுக்குள்ள ஒரே தீயணைப்பு.

இந்தக் கட்டுரைக்காக நான் போன ஒரு விற்பனை நிலையத்தில் தமிழில் பாதுகாப்புத் துண்டுப்பிரசுரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கவில்லை. அரச கரும மொழியாகத் தமிழ் சட்டத்தில் இருக்கும் நாட்டில், தீப்பற்றும் ஒரு பொருளை வாங்குபவருக்கு அதைப் பாவிக்கும் முறை அவரது மொழியில் கிடைக்க வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல.

கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. ஒவ்வொரு சிலிண்டரோடும் தமிழில் ஒரு பக்க அறிவுறுத்தல். வாசிக்க முடியாதவர்களுக்குப் படம். சிலிண்டரில் கலவை விகிதமும் பரிசோதனைத் திகதியும் மூன்று மொழியிலும் தெளிவாக. கலவையை மாற்றுவதானால் மாற்றுவதற்கு முன் பொது அறிவித்தல். பிரதேச சபை மட்டத்தில் குழாயையும் ரெகுலேட்டரையும் இலவசமாகச் சோதிக்கும் நாட்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்தச் சோதனை வீட்டுக்கே வர வேண்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஊரூராக இருக்கின்றன. இந்தக் கோரிக்கைகளைப் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுப்பதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

முறைப்பாடும் பதிவாக வேண்டும். பழுதான சிலிண்டர் வந்தால் அதன் இலக்கம், வாங்கிய திகதி, கடை ஆகியவற்றை எழுதி, படம் எடுத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அறிவியுங்கள். சிறிய கசிவுதானே என்று விடாதீர்கள். 2021இல் உண்மையை வெளியே கொண்டுவந்தது பதிவான சம்பவங்களின் எண்ணிக்கைதான். வடக்கு கிழக்கில் பதிவாகாத விபத்து கொழும்பின் கணக்கில் நடக்காத விபத்து. எங்களுடைய இழப்புகள் எண்ணப்படாமல் போவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இந்தச் சமூகத்துக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்த சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது நுரையைப் பூசுங்கள். நுரையில் குமிழி வந்தால் மாற்றுவதோடு நிறுத்தாமல், ஏன் வந்தது என்று கேட்டு எழுதுங்கள்.